சாம்பலின் சாட்சியம்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிச் சென்றால் மூன்றாவது நிலையம் பல்லாவரம். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் அவ்வூரில் ஒரு சரளைக் குழியிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு கல்லை எடுத்தார். அது தானாக உடைந்த கல் அன்று. மனிதன் கையால் செதுக்கிய கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்ட முதற்சான்று அதுவே. கல்லின் வடிவத்தையும் அது கிடந்த மண்ணையும் ஃபூட் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஆனால், "இதன் வயது என்ன?" என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அக்காலத்தில் வேறு யாரிடமும் இல்லை.

இன்று அக்கேள்விக்கு விடை காணப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, மண்ணுக்குள் படிந்து கிடக்கும் எரிமலைச் சாம்பலைக் கொண்டு காலத்தைக் கணிப்பது. கண்ணுக்கே தெரியாத அளவு சாம்பலைக் கூட இப்போது கண்டுபிடித்துவிடுகிறார்கள். முறை அழகானது, பயனும் பெரிது. ஆனால் அதன் பெயரால் சொல்லப்படும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவர் ஒரு மாணவர். கதிரியக்கச் சிதைவு பற்றிய பாடம் முடிந்த அன்று ஒரு பத்திரிகைத் துணுக்கை என்னிடம் நீட்டினார். சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தது, உலகம் இருண்டது, மனித இனம் சில ஆயிரம் பேராகச் சுருங்கியது, இந்தியாவில் ஆளே மிஞ்சவில்லை என்று அதில் அச்சாகியிருந்தது. "இது உண்மையா சார்? சாம்பலைப் பார்த்து இவ்வளவும் எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். நான் ஏதோ பாதி விடை சொன்னேன். பிறகு மூல ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான், நான் சொன்ன பாதியிலும் பாதி தவறு என்று தெரிந்தது. அந்தப் படிப்பின் விளைவே இக்கட்டுரை.

நாள் குறிக்கும் தூசி

எரிமலை வெடிக்கும்போது பாறைக் குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் நுரைத்துப் பொங்குகின்றன. சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவது போன்றதே இது. குழம்பு நுரையாகி, நுரையின் சுவர்கள் உடைந்து, உடனே குளிர்ந்து கண்ணாடியாகின்றன. நாம் 'சாம்பல்' என்று சொன்னாலும் அது எரிந்த விறகின் சாம்பல் போன்றதன்று. நுண்ணிய கண்ணாடிச் சில்லுகளே அவை. இவ்வாறு எரிமலை உமிழ்ந்து காற்றில் பரவும் துகள்களுக்கு 'டெஃப்ரா' என்ற பெயரை 1944இல் வழங்கியவர் ஐஸ்லாந்து நாட்டு அறிஞர் சிகுர்தூர் தோராரின்சன்.

இச்சில்லுகள் ஏரியிலும் கடலிலும் சதுப்பிலும் ஒரே காலத்தில் விழுகின்றன. ஒரு வெடிப்பு சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் முடிந்துவிடும். பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது ஒரு கணமே. ஆகவே ஆந்திரத்துப் பள்ளத்தாக்கிலும் வங்கக் கடலின் அடியிலும் ஒரே வெடிப்பின் சாம்பல் கிடைத்தால், அவ்விரண்டு அடுக்குகளும் ஒரே நாளின் மண் என்று சொல்லிவிடலாம். இரண்டு ஊர்களில் இரண்டு நாட்குறிப்புகள் இருந்து, இரண்டிலும் ஒரே புயலைப் பற்றி எழுதியிருந்தால் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடியும் அல்லவா? அதைப் போன்றது இது.

நமக்கு மிக நெருக்கமான பெரு வெடிப்பு தோபா. சுமத்ராத் தீவில் உள்ள அந்த இடம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் தொலைவு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது கக்கிய பாறைக் குழம்பின் அளவு குறைந்தது 2,800 கன கிலோமீட்டர் என்பது 1987இல் வந்த கணிப்பு. பிந்தைய கணிப்புகள் இன்னும் கூடுதலாகவே சொல்கின்றன. 1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வெடித்த பினாட்டுபோ எரிமலை உமிழ்ந்தது சுமார் 10 கன கிலோமீட்டர். அதற்கே உலகின் சராசரி வெப்பநிலை அரை டிகிரி அளவு குறைந்தது. தோபா வெடித்த இடத்தில் இன்று 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏரி இருக்கிறது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தென்சீனக் கடலிலும் இந்திய ஆற்றுப் படுகைகளிலும் அதன் சாம்பல் கிடைத்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1980களின் தொடக்கத்தில் எரிமலைச் சாம்பல் கண்டறியப்பட்ட பிறகு, நாட்டின் பல ஆறுகளில் தேடல் தொடங்கியது.

மறைந்திருக்கும் அடுக்கு

எரிமலைக்கு அருகில் சாம்பல் பல மீட்டர் கனத்துக்கு விழும். தொலைவு செல்லச் செல்ல அது சென்டிமீட்டராகும், மில்லிமீட்டராகும். பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அங்கும் ஒரு கிராம் மண்ணில் சில சில்லுகளாவது இருக்கலாம். இதைத்தான் மறைசாம்பல் என்கிறேன். 1960களில் சுவீடன் நாட்டுச் சதுப்புகளிலும், 1989இல் ஸ்காட்லாந்திலும் ஐஸ்லாந்துச் சாம்பல் இவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டபின் இம்முறை வளரத் தொடங்கியது.

கண்டுபிடிக்கும் வழியில் நம் பள்ளிப் பௌதிகமே வேலை செய்கிறது. மண் மாதிரியைச் சல்லடையில் சலித்து, ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு அளவுள்ள துகள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னர் அவற்றை அடர்த்தி மிகுந்த ஒரு திரவத்தில் இடுகிறார்கள். நீரைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ள திரவம் என்றால், குவார்ட்ஸ் மணல் மூழ்கும். எரிமலைக் கண்ணாடி மிதக்கும். மிதந்ததை எடுத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு நடுவில் நுண்ணோக்கியால் பார்க்கிறார்கள். குவார்ட்ஸ் போன்ற படிகங்கள் ஒளிரும். கண்ணாடிக்கு எல்லாத் திசையிலும் ஒரே பண்பு என்பதால் அது இருண்டே கிடக்கும். இறுதியில், கிடைத்த ஒவ்வொரு சில்லின் மீதும் எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, எழும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதன் வேதியியல் கலவையை அளக்கிறார்கள். கைரேகை ஒப்பிடுவது போல, அக்கலவையை அறிந்த எரிமலைகளின் கலவையோடு ஒப்பிடுகிறார்கள்.

முறை இவ்வளவுதான். இதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது: இது எந்த வெடிப்பின் சாம்பல்? இரண்டாவது: இது வானிலிருந்து இங்கேயே விழுந்ததா, வேறு இடத்தில் விழுந்து பிறகு இங்கே வந்ததா? மூன்றாவது: சாம்பலுக்கு மேலும் கீழும் கிடைக்கும் பொருளுக்கும் சாம்பல் விழுந்த நாளுக்கும் இடையே எவ்வளவு காலம்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகே சாம்பலைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். இந்தியாவில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த சர்ச்சைகளைப் படித்தால், ஒவ்வொரு சறுக்கலும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தாண்டிக் குதித்ததால் நேர்ந்தது என்பது விளங்கும்.

போரியின் மூன்று வயதுகள்

மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்தில் குக்டி ஆற்றங்கரையில் உள்ளது போரி என்னும் ஊர். அங்கே ஆற்றுப் படிவில் வெண்ணிறச் சாம்பல் அடுக்கு உண்டு. அதையொட்டிப் பழைய கற்காலக் கைக்கோடரிகள் கிடைத்தன. பல்லாவரத்துக் கோடரியின் இனத்தைச் சேர்ந்தவை. சாம்பலின் வயது தெரிந்தால் கோடரியின் வயதும் தெரிந்துவிடும் என்று ஆய்வாளர்கள் உற்சாகம் கொண்டதில் வியப்பில்லை.

1980களின் இறுதியில் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் போரிச் சாம்பலுக்குக் கிடைத்த வயது ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள். 1995இல் டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த ஷீலா மிஸ்ராவும் குழுவினரும் ஆர்கான்-ஆர்கான் முறையில் வெளியிட்ட வயது 6 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள். அதே 1990களில் வேறு குழுக்கள் கண்ணாடிச் சில்லுகளின் வேதியியலை ஆராய்ந்து, இது தோபாவின் கடைசிப் பெரு வெடிப்பின் சாம்பல், வயது 75,000 ஆண்டுகளே என்றன. 1998இல் ஜான் வெஸ்ட்கேட் குழுவினர் இந்தியத் தீபகற்பத்தில் கிடைத்த தோபாச் சாம்பல் முழுவதும் அந்த ஒரே வெடிப்பினது என்று எழுதினர்.

ஒரே மண்ணுக்கு 14 லட்சம், 6.7 லட்சம், முக்கால் லட்சம்! இதைப் படிக்கும் மாணவர், "பௌதிகம் இவ்வளவு ஆட்டம் காணுமா?" என்று கேட்பது நியாயமே.

சர்ச்சை அதோடும் நிற்கவில்லை. தோபா ஒரு முறை மட்டும் வெடித்த எரிமலை அன்று. ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும், 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் பெரிதாக வெடித்திருக்கிறது. அவற்றின் கண்ணாடி, முக்கியத் தனிமங்களின் அளவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதனால் 2011இல் வெஸ்ட்வே, மிஸ்ரா முதலியோர் போரியின் சாம்பல் 8 லட்சம் ஆண்டுக்கு முந்தைய வெடிப்பினது ஆகலாம் என்று மீண்டும் வாதிட்டனர். 2014இல் நிக் பியர்ஸ் குழுவினர் தனித்தனிச் சில்லுகளை லேசர் கொண்டு ஆவியாக்கி, பேரியம் போன்ற மிகச் சிறு அளவிலுள்ள தனிமங்களை அளந்தனர். இந்தியாவில் அறியப்பட்ட தோபாச் சாம்பல் யாவும் 75,000 ஆண்டுக்கு முந்தைய வெடிப்பினதே என்பது அவர்கள் முடிவு. என் கருத்தில் இது வலுவான முடிவு. மொத்தக் கலவையை அளக்காமல் ஒவ்வொரு சில்லையும் தனியே விசாரித்ததுதான் அதன் வலிமை.

ஒரு கரும்பலகைக் கணக்கு

வயதுகள் இப்படி மாறுபடுவது எப்படி நேரக்கூடும்? நான் வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கும் தருகிறேன்.

பொட்டாசியம்-40 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டுகள். 75,000 ஆண்டுகளில் அதில் சிதைவது 24,000இல் ஒரு பங்குதான். சிதைந்தவற்றுள்ளும் ஏறக்குறைய பத்தில் ஒன்றே ஆர்கானாக மாறும், மற்றவை கால்சியமாகிவிடும். ஆகவே இளம் சாம்பலில் உள்ள ஆர்கான் மிக மிகக் குறைவு. இப்போது போரியின் இருப்பிடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அது தக்காண எரிமலைப் பாறை நாடு. அப்பாறைகளின் வயது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். ஆற்று நீர் அப்பாறையின் துகள்களைச் சாம்பலோடு கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றில் ஒரு பங்கு பழைய பாறையிலிருந்து வந்தது என்றால், கருவி காட்டும் வயது:

0.01 × 6,60,00,000 + 0.99 × 75,000 = ஏறத்தாழ 7,34,000 ஆண்டுகள்.

இரண்டு பங்கு என்றால் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள்!

போரியில் நடந்தது இதுவே என்று நான் சொல்லவில்லை. அதற்கு அந்த மாதிரிகளையே சோதிக்க வேண்டும். எவ்வளவு சிறிய கலப்பு எவ்வளவு பெரிய பிழையைத் தரும் என்பதற்கே இக்கணக்கு. கருவி பொய் சொல்லவில்லை. கொடுத்த மாதிரியின் சராசரியை அது சரியாகவே சொன்னது. மாதிரி தூயது என்று நம்பியதுதான் பிழை. அளவுகோல் எவ்வளவு துல்லியமானதாயினும், எதை அளக்கிறோம் என்பதைத் துல்லியம் சொல்லாது. இதை என் மாணவர்கள் தேர்வுக்குப் பிறகும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். சாம்பல் இளையது என்று நிரூபித்ததும், கோடரியும் இளையது என்று சிலர் முடிவுகட்டினர். அதுவும் தாவலே. ஆற்றுச் சரளையில் கிடக்கும் கோடரி வேறு எங்கோ நெடுங்காலம் கிடந்து வெள்ளத்தில் உருண்டு வந்ததாக இருக்கலாம். சென்னைக்கு வடமேற்கே 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அத்திரம்பாக்கத்தில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அதுவும் 1863இல் ஃபூட்டும் அவர் நண்பர் வில்லியம் கிங்கும் கண்ட இடமே. அங்கே சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழ்வாய்வில், புதைந்த குவார்ட்ஸில் உள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10 ஐசோடோப்புகளையும் மண்ணின் பழங்காந்தத் திசையையும் அளந்து, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். சாம்பலின் துணையின்றியே, இரண்டு வேறுபட்ட முறைகள் ஒத்துப்போனதால் அந்த முடிவு நிற்கிறது.

ஜ்வாலாபுரத்தின் இரண்டரை மீட்டர்

அடுத்து நாம் நோக்க வேண்டிய இடம் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம். பழைய கர்நூல் மாவட்டத்தில், ஜுர்ரேறு ஓடைப் பள்ளத்தாக்கில், சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே சாம்பல் அடுக்கின் கனம் ஓரிடத்தில் இரண்டரை மீட்டர்! சாம்பலை வெட்டியெடுக்கும் குழிகளே ஆய்வாளர்களுக்கு அந்த அடுக்கைத் திறந்து காட்டின. மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலியோர் சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகளைக் கண்டெடுத்து 2007இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இரண்டு அடுக்கின் கருவிகளும் ஒத்திருக்கின்றன. ஆகவே மக்கள் பேரழிவைத் தாண்டி வாழ்ந்தார்கள். அவர்கள் நம் இனத்தவராகவே இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

பாராட்டுக்குரிய ஆய்வு இது. தோபாவால் இந்தியாவே வெறுமையானது என்ற கற்பனைக்கு முதல் அடி கொடுத்தது இதுதான். ஆயினும் அதன் சான்றுகளை நம் மூன்று கேள்விகளால் சோதிப்போம்.

முதற்கேள்வியில் தேர்ச்சி. சில்லுகளின் வேதியியலும், சாம்பலில் உள்ள கருநிறக் காக்காப்பொன்னின் கலவையும் தோபாவையே காட்டுகின்றன.

இரண்டாம் கேள்விக்கு விடை: பெரும்பகுதி இங்கே விழுந்ததன்று. அடியில் உள்ள சில சென்டிமீட்டரே வானிலிருந்து நேரே விழுந்தது. மற்றவை சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து மழையில் அடித்து வரப்பட்டுத் தாழ்ந்த நீர்நிலையில் சேர்ந்தவை. 'இந்தியா இரண்டரை மீட்டர் சாம்பலில் மூழ்கியது' என்று எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. மாடியில் தேங்காத மழைநீர் தெருக்கோடிப் பள்ளத்தில் இடுப்பளவு நிற்பதைப் பார்த்து, 'இடுப்பளவு மழை பெய்தது' என்று சொல்வது போன்றது அது. முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வியில்தான் சிக்கல். சாம்பலுக்குக் கீழே உள்ள மண்ணின் வயது 77,000, கூட்டல் கழித்தல் 6,000 ஆண்டுகள். மேலே உள்ளது 74,000, கூட்டல் கழித்தல் 7,000 ஆண்டுகள். மணல் துகள்கள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறையில் கிடைத்த எண்கள் இவை. இரண்டு எண்களையும் அவற்றின் பிழை எல்லையோடு ஒரு கோட்டில் வரைந்து பாருங்கள். ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது முந்தியது என்பதைக் கூட இவ்வெண்களால் மட்டும் சொல்ல இயலாது. கீழே இருப்பது முந்தியது என்பதை அடுக்கின் வரிசையே சொல்கிறது. அப்படியானால் சாம்பலுக்கு மேல் கருவி செய்தவன் வெடிப்புக்கு 50 ஆண்டு கழித்து வாழ்ந்தானா, 5,000 ஆண்டு கழித்தா? இந்தச் சான்று அதைச் சொல்லாது. முன்பிருந்தவர்கள் மடிந்து, சில ஆயிரம் ஆண்டு கழித்து வேறிடத்திலிருந்து வந்தவர்கள் அதே வகைக் கருவி செய்திருந்தாலும் மண்ணில் இதே காட்சிதான் தெரியும்.

கருவி செய்தவர் யார் என்பது இன்னும் கடினம். அக்கருவிகளோடு மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. நம் இனத்தவர் இந்தியாவுக்கு வந்ததே தோபாவுக்குப் பிறகுதான் என்று பால் மெல்லர்ஸ் முதலியோர் 2013இல் மறுத்தெழுதினர். கல்லின் வடிவைக் கொண்டு செய்தவனின் இனத்தைச் சொல்வது, அரிவாளைப் பார்த்துக் கொல்லன் பெயரைச் சொல்வது போன்றதே. 2020இல் சோன் பள்ளத்தாக்கின் தாபா என்ற இடத்தில் 80,000 ஆண்டுகள் முதல் 65,000 ஆண்டுகள் வரை ஒரே வகைக் கருவி மரபு தொடர்வதாக வந்த ஆய்வு, தொடர்ச்சிக்கு வலுச் சேர்த்திருக்கிறது. ஆனால் இனம் யாது என்ற கேள்வி அங்கும் அப்படியே நிற்கிறது.

மறுபக்கத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். 2009இல் மார்ட்டின் வில்லியம்ஸ் குழுவினர், தோபாவுக்குப் பின் நடு இந்தியாவில் காடு அழிந்து புல்வெளி பரவியது என்று எழுதினர். வங்கக் கடல் படிவிலுள்ள மகரந்தமும், சாம்பலுக்கு மேலும் கீழும் மண்ணிலுள்ள சுக்கான் கட்டிகளின் கார்பனும் அவர்களுக்குச் சான்று. ஆனால் சுக்கான் கட்டி ஓரிரு ஆண்டில் உருவாவதில்லை; நூற்றுக்கணக்கான, சமயத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூடி வளர்வது. வெடிப்புக்குப் பிந்தைய பத்தாண்டுக் குளிரை அது எப்படித் தனியே பிரித்துக் காட்டும்? அக்காலத்தில் உலகமே பனியுகத்தின் குளிர்கட்டத்துக்குள் சென்று கொண்டிருந்தது. மழை குறைந்ததற்கு அது ஒன்றே காரணமாகப் போதும். வெடிப்புக்குப் பின் நேர்ந்தது என்பதாலேயே வெடிப்பால் நேர்ந்தது ஆகிவிடாது.

ஃபூட் தோண்டிய குகையில்

கண்ணுக்குத் தெரியும் அடுக்கே இவ்வளவு ஏமாற்றும் என்றால், தெரியாத அடுக்கு எப்படி? இங்கேதான் எனக்கு இனிய வியப்பு காத்திருந்தது. பழைய கர்நூல் மாவட்டத்திலேயே பில்ல சுர்கம் என்ற சுண்ணாம்புக் குகைகள் உண்டு. பல்லாவரத்தில் கோடரி எடுத்த அதே ஃபூட், 1880களில் தம் மகனுடன் அங்கே விலங்கெலும்புகளைத் தோண்டியெடுத்தார். அந்த எலும்புகளுக்கும் அவரால் ஆண்டு சொல்ல இயலவில்லை. 2011இல் கிறிஸ்டின் லேன் குழுவினர் அந்தக் குகை மண்ணில் தோபாவின் மறைசாம்பலைக் கண்டனர். ஃபூட் கண்ணெதிரே இருந்தும் அவரால் காண முடியாத நாட்குறிப்பு அது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒருவர் வாசித்தார்!

அதே முறையில் 2013இல் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் படிவிலும், 2018இல் தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்ட் கடற்கரைக் குடியிருப்பிலும், 2024இல் எத்தியோப்பியாவிலும் தோபாவின் சில்லுகள் கண்டறியப்பட்டன. மலாவி ஏரியில் அச்சில்லுகள் கிடந்த மட்டத்தில் பெருங்குளிருக்கான தடயம் இல்லை. பின்னக்கிள் பாயிண்டில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். எத்தியோப்பியாவில் மழை குறைந்தபோது மக்கள் மீனை அதிகம் உண்டு பிழைத்தனர். 'சில ஆயிரம் பேர்' என்ற பயங்கரக் கதைக்கு இம்மூன்றும் பெரிய அடிகள்.

ஆனால் வெற்றியின் மயக்கத்தில் நம் கேள்விகளை மறந்துவிடக் கூடாது. மறைசாம்பலில் ஆபத்து கூடுதல். சில்லு சிறியது, மண்புழுத் துளையிலும் வேர் வழியிலும் வெயிலில் வெடித்த களிமண்ணின் பிளவிலும் அது கீழே நழுவக்கூடும். குகையில் எலியும் முள்ளம்பன்றியும் மண்ணைக் கிளறும். அடுக்காகத் தெரிந்தால் கலைந்ததைக் கண்டுகொள்ளலாம். கிராமுக்கு ஓரிரு சில்லு என்றால் கண்ணுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஆகவே ஓரிடத்தில் ஒரு சில்லு கிடைத்தது என்பது மட்டும் போதாது. மேலிருந்து கீழ்வரை இடைவெளியின்றி மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் சில்லுகளை எண்ணி வரைபடம் போட வேண்டும். எண்ணிக்கை திடீரென உச்சம் தொட்டு, மேல்நோக்கி மெல்லக் குறைந்தால் நம்பலாம். மேலும் கீழும் பரவிக் கிடந்தால் எச்சரிக்கை தேவை. நல்ல ஆய்வுகள் இந்த வரைபடத்தை வெளியிடுகின்றன. பத்திரிகைச் செய்திகள் அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் போடுகின்றன.

ஆப்பிரிக்கச் சான்றை இந்தியாவுக்கு அப்படியே பொருத்துவதும் தவறு. 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் குளிர் இல்லை என்பதால், 2,300 கிலோமீட்டரில் துன்பம் இல்லை என்று ஆகாது. இங்கே குடிநீரிலும் புல்லிலும் கண்ணாடித் தூசி படிந்திருக்கும். சில தலைமுறைகள் கடுமையாக அல்லற்பட்டிருக்கலாம். அழிவு உண்டா இல்லையா என்று இரண்டே விடை கேட்பது பட்டிமன்றத்துக்குப் பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது.

மாணவருக்கு என் விடை

துணுக்கு காட்டிய மாணவருக்கு இப்போது நான் சொல்லும் விடை இது. தோபா வெடித்தது உண்மை. அதன் காலம் சுமார் 74,000 ஆண்டு என்பது உறுதி. வெடிப்பிலேயே உருவான தூய படிகங்களில் அளந்த வயது அது. சாம்பல் இந்தியாவில் விழுந்ததும் உறுதி. அதன் பின் மக்கள் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று உண்டு. இடைவெளியின்றி வாழ்ந்தார்களா என்பதற்குச் சான்று வளர்ந்து வருகிறது. உலக மனித இனம் சில ஆயிரமாகச் சுருங்கியதற்குத் தோபாவே காரணம் என்பது 1998இல் ஸ்டான்லி ஆம்புரோஸ் முன்வைத்த கருதுகோள். சாம்பலின் சாட்சியம் அதை ஆதரிக்கவில்லை. கருதுகோளை முன்வைத்தது தவறன்று. மறுப்புகள் வந்த பின்னும் அதை நடந்த கதை போல அச்சிடுவதே தவறு.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். தவறான ஒரு வயது பாடநூலில் ஏறிவிட்டால் இறங்க இருபது ஆண்டு ஆகிறது, போரியே சாட்சி. அதைவிடக் கவலை தருவது வேறொன்று. கணக்குத் தவறினால் திருத்தலாம், கருவி பழுதானால் வேறு வாங்கலாம். ஆனால் படிவு கலைந்தால் திரும்பாது. ஜ்வாலாபுரத்தில் சாம்பலைத் திறந்து காட்டிய அதே குழிகள்தான் அதைத் தின்றும் தீர்க்கின்றன. நம் பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகள் கல்லாக வெட்டப்பட்டன. ஏரிகளின் கரையோரங்கள் மனைகளாயின. அடித்தளத்துக்குக் குழி தோண்டும்போது எந்த மண்ணுக்குக் கீழ் எந்த மண் இருந்தது என்று குறித்து வைப்பார் யாரும் இல்லை. மறைசாம்பல் முறையின் பொருளே, வெறும் மண் என்று நாம் ஒதுக்குவதில் எழுத்து இருக்கலாம் என்பதுதான்.

அடுத்த முறை உங்கள் தெருவில் குழி வெட்டினால், மூடுமுன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நிறம் மாறும் இடங்களை ஒரு குறிப்பேட்டில் வரைந்து, எத்தனை அடி ஆழம் என்று எழுதுங்கள். அதில் தோபா இருக்க வேண்டியதில்லை. அடுக்கைப் பார்க்கப் பழகிய கண், பத்திரிகைத் துணுக்கையும் அதே நிதானத்தோடு பார்க்கும்.